மலை மேல இருக்கிற தண்ணி

கோடை லீவு விட்டால் எங்கள் வீட்டுக்கு ரெண்டு விருந்தாளிகள் வருவார்கள். தம்பி பிள்ளைகள். பெரியவன் எட்டாவது முடித்திருக்கிறான், சின்னவள் நாலாவது. முதல் பாதி லீவு விழுப்புரத்தில் ஆயா வீட்டில், அடுத்த பாதி எங்கள் ஊரில். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் தீவனூர் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். சென்னையில் ஏழாவது மாடியில் வளர்கிற பிள்ளைகள். இங்கே வந்தால் மூணாம் நாளே செருப்பு எங்கே கிடக்கிறதென்று தெரியாது.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் ஜூன் 2 திங்கட்கிழமை திறப்பு. சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப்போகத் தம்பி காரில் வந்தான். கையில் ஒரு காக்கி கவர். ராத்திரி சாப்பிட்டு முடிந்து திண்ணையில் உட்கார்ந்தபோது அதைப் பிரித்தான்.

"அண்ணா, திட்டாம கேளு."

விஷயம் இதுதான். அப்பா காலமான பிறகு மூணு ஏக்கரை ஆளுக்கு ஒன்றரையாகப் பிரித்துக்கொண்டோம். ரோட்டுப் பக்கம் இருப்பது அவன் பங்கு, ஓடைப் பக்கம் என் பங்கு. ரெண்டையும் உழுவது நான்தான், அவன் பங்குக்கு வருஷத்துக்கு நாலு மூட்டை அரிசி போகும். கிணறு அவன் பங்கில் இருக்கிறது. பாகப் பத்திரத்தில் "கிணறும் வாய்க்காலும் இருவருக்கும் பொது" என்று ஒரு வரி உண்டு. அப்பா சொல்லி எழுத வைத்த வரி.

இப்போது அவன் பங்கை மனை போடுகிற ஒருவர் கேட்கிறார். விலை நல்ல விலை. வீட்டுக் கடனில் பாதி அடைபடும், பையன் படிப்புக்கும் ஆகும். எனக்குத் தெரியும், அவன் ஆடம்பரத்துக்கு விற்கிறவன் இல்லை. ஆனால் மனை போடுகிறவருக்கு நடுவில் ஒரு கிணறு வேண்டாம். கிணற்றில் எனக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுத்து நான் கையெழுத்துப் போட வேண்டும். மூடிவிட்டு ரோடு போடுவார்கள்.

"போர் ஒண்ணு போட்டுத் தர்றேங்கறார்ணா. உன் பங்குலயே. அவர் செலவு."

"எத்தனை அடி போடுவாராம்?"

"தண்ணி வர்ற வரைக்கும்."

நான் ஒன்றும் பேசவில்லை. காலையில் பார்க்கலாம் என்று படுத்துக்கொண்டோம்.

காலையில் ஆறு மணிக்குச் சின்னவள் என்னை எழுப்பினாள். "பெரிப்பா, மலை மேல குளம் இருக்குன்னு சொன்னியே. இன்னைக்குத்தான் கடைசி நாள்."

லீவு பூரா சொல்லிச் சொல்லி ஏமாற்றியிருக்கிறேன். மல்லாட்டை பிடுங்க ஆள் வரவில்லை, மோட்டார் காயில் எரிந்துபோச்சு, மாடு கன்று போட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. இன்றைக்குச் சாக்கு இல்லை. காக்கி கவரை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, "கிளம்புடா, செஞ்சிக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்றேன். தம்பிக்கும் அது நிம்மதியாக இருந்தது போல. வீட்டில் புளிசோறு கட்டிக் கொடுத்தார்கள். நாலு பாட்டில் தண்ணீர், ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தைக் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னேன். செஞ்சிக் குரங்குக்குப் பை ஜிப்பு திறக்கத் தெரியும்.

செஞ்சியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் செஞ்சி ஊரைத் தாண்டினதும் ரோடே கோட்டைக்குள் நுழைந்து போகும். வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி, மேற்கே ராஜகிரி. மூணு மலையையும் சேர்த்து வளைத்து மதில். ராஜகிரிதான் பெரிசு, ஏறத்தாழ எண்ணூறு அடி. எல்லாமே கருங்கல் மலை. யாரோ பாறைகளைக் கூடையில் அள்ளிக் கொட்டியது மாதிரி உருண்டை உருண்டையாக அடுக்கி நிற்கும். ஆனந்தக் கோன் என்கிற ஆடு மேய்த்தவர் கட்ட ஆரம்பித்த கோட்டை என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். எனக்கு அது நம்பக்கூடியதாகத்தான் படுகிறது. எந்த மலையில் எந்த இடுக்கில் வெயில் காலத்திலும் தண்ணீர் நிற்கும் என்று முதலில் தெரிந்துகொள்கிறவன் ஆட்டுக்காரன்தானே.

அக்னி முடிந்திருந்தாலும் வெயிலுக்கு அது தெரியவில்லை. ஒன்பது மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிட்டது. பெரியவர்களுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். ராஜகிரி ஏறுகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். மதியம் மூணு மணிக்கு மேல் ஏற விடமாட்டார்கள்.

முதலில் கல்யாண மகால். கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக நிற்கிற கட்டடம். பக்கத்தில் யானைக்குளம். சின்னவள் மாடிகளை எண்ணினாள். வெளியே இருந்த ஒரு குளத்திலிருந்து மண்குழாய் வழியாக ஆறாவது மாடி வரைக்கும் தண்ணீர் போனதாகப் படித்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"மோட்டார் இல்லாமயா?"

"மோட்டார் இல்லாமத்தான்."

"பொய்."

பெரியவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "குளம் இதைவிட உசரத்துல இருந்தா வரும். தண்ணி தன்னோட மட்டத்துக்கு ஏறும்ல."

அவ்வளவுதான் விஷயம். எங்கள் அப்பா பள்ளிக்கூடம் பெரிதாகப் போனவர் இல்லை. ஆனால் வாய்க்கால் வெட்டும்போது ஒரு ட்யூபில் தண்ணீர் நிரப்பி ரெண்டு முனையையும் பிடித்து மட்டம் பார்ப்பார். ரெண்டும் ஒரே பாடம். அவர்கள் ஏழாவது மாடிக்குக் கரண்டு போனால் தண்ணீர் வராது என்று சின்னவள் சொன்னாள். தம்பி சிரித்தான்.

படி ஏற ஆரம்பித்தோம். நன்றாகச் செதுக்கிப் போட்ட படி. நடுநடுவே வாசல், மதில், காவல் மண்டபம். மொத்தம் ஏழு வாசல் தாண்ட வேண்டும் என்பார்கள், நான் ஒருமுறையும் சரியாக எண்ணி முடித்ததில்லை. பாதி மலையில் கமலக்கண்ணி அம்மன் கோயில். சித்திரையில் திருவிழா நடக்கும், சுத்துப்பட்டு கிராமமெல்லாம் திரண்டு வரும். அங்கே நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். தம்பிக்கு மூச்சு வாங்கியது. என்னைவிட ஏழு வயசு சின்னவன். வாரம் ஆறு நாள் நாற்காலியில் உட்கார்கிற உடம்பு.

"கடைசியா அப்பா கூட வந்தது, இல்லண்ணா?"

ஆமாம். நான் பத்தாவது படிக்கும்போது. செஞ்சி கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், மல்லாட்டை மூட்டை இறக்கிவிட்டு, ஏலம் முடிகிற வரைக்கும் நேரம் இருக்கிறதென்று எங்களைக் கூட்டி வந்தார். தம்பியைப் பாதி வழி தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். உச்சிக்குப் போனதும் அரண்மனையைக் காட்டவில்லை, பீரங்கியைக் காட்டவில்லை. நேரே சுனையைக் காட்டினார். "பாருங்கடா, இது இருந்ததாலதான் எட்டு வருஷம் தாக்குப் புடிச்சானுங்க" என்றார்.

அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சிவாஜி 1677-ல் இந்தக் கோட்டையைப் பிடித்து மதிலையெல்லாம் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம், மகாராஷ்டிரத்தில் இருக்க முடியாமல் இங்கே வந்து தங்கினார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-ல் வந்து வளைத்துக்கொண்டார். கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் தப்பித்துப் போய்விட்டார். இத்தனை வருஷம் இழுத்ததற்கு மதில் மட்டும் காரணமில்லை, தளபதியே வேண்டுமென்று இழுத்தடித்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் உள்ளே இருந்தவர்கள் எட்டுக் கோடையைத் தாண்டியிருக்கிறார்கள். சோற்றுக்குக் களஞ்சியம் இருந்தது. தாகத்துக்கு மலையே தண்ணீர் வைத்திருந்தது.

உச்சிக்கு முன்னால் ஒரு பிளவு இருக்கிறது. மலை அங்கே வெட்டிவிட்டது மாதிரி பிரிந்து, அறுபது அடி ஆழம் இருக்கும். அதன்மேல் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் முடிந்தது, மேலே இருப்பவனை எவனும் தொட முடியாது. சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டே தாண்டினாள். தம்பி, அவன் அப்பா தோளிலிருந்து பார்த்த இடம் இது, நடுவில் ஒரு நிமிஷம் நின்று கீழே எட்டிப் பார்த்தான்.

மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. எல்லாத்தையும்விடக் காற்று. கீழே வேர்த்து ஊற்றிய சட்டை அஞ்சு நிமிஷத்தில் காய்ந்துவிட்டது. வடக்கே சிங்கவரம் மலை தெரிந்தது. கிழக்கே ஏரிகள். ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி. ஜூன் மாசத்தில் ஏரியில் தண்ணீர் மினுங்குவது எல்லா வருஷமும் கிடைக்கிற காட்சி இல்லை.

சுனை பாறை இடுக்கில் இருந்தது. பெரிய குளத்தை எதிர்பார்த்து வந்த சின்னவளுக்கு ஏமாற்றம். "இவ்ளோதானா?" என்றாள். பச்சையாக, அசையாமல், ஒரு பக்கம் பாறை நிழல் விழுந்து கிடந்தது. குடிக்கிற மாதிரி இல்லை. நாம் போட்ட பிளாஸ்டிக் பாட்டிலே ரெண்டு மிதந்தது. ராஜகிரி மேலே வற்றாத ஊற்று ரெண்டும், அதற்குக் கீழே மழைத்தண்ணீர் தேக்க மூணு குளமும் இருப்பதாகச் சொல்வார்கள்.

"மலை மேல எப்படி பெரிப்பா தண்ணி நிக்குது? கீழ ஓடிறாதா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கருங்கல் தண்ணீரைக் குடிக்காது. கழனி மண்ணில் மழை பெய்தால் மண் குடித்ததுபோக மிச்சம்தான் ஓடும். இங்கே பெய்வது முக்கால்வாசி அப்படியே வழுக்கி ஓடும். ஓடுகிற வழியில் ஒரு பள்ளம், அதில் விரிசல் இல்லாமல் இருந்தால் நிற்கும். ஆழம் அதிகமாக, வாய் சின்னதாக, நிழலாக இருந்தால் வெயில் உறிஞ்சுவது குறைவு. கோடையில் திறந்து கிடக்கிற ஏரி ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் வரைக்கும் ஆவியாகக் கொடுத்துவிடும். பாறை இடுக்கில் இருக்கிற சுனை அவ்வளவு கொடுக்காது. பாறை வெடிப்புக்குள் போய்த் தங்கின தண்ணீரும் மெள்ள மெள்ளக் கசிந்து வரும்.

பையன் போனை எடுத்துவிட்டான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர், இது அவன் பாடத்திலேயே இருக்கிறதாம். எதிரே சரிந்து கிடந்த பாறையைக் கண்ணாலேயே அளந்தான். ஐம்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், ஆயிரம் சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழைக்கு ஒரு லட்சம் லிட்டர்.

"எங்க அபார்ட்மென்ட்டுக்கு வர்ற லாரி பன்னெண்டாயிரம் லிட்டர் பெரிப்பா. அப்ப எட்டு லாரிக்கு மேல. இந்த ஒரு பாறைலயே."

தம்பி பீரங்கிப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான்.

"அண்ணா, நீ எதுக்கு இங்க கூட்டியாந்தேன்னு எனக்குப் புரியுது."

"பாப்பா கேட்டா, வந்தோம்."

"சரி. எட்டு வருஷம் தாக்குப் புடிச்ச கோட்டை, அப்புறம் பிரெஞ்சுக்காரன்கிட்ட எத்தனை நாள்ல போச்சு?"

அவனும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தானே படித்தான். 1750-ல் புஸ்ஸி வந்து ஒரே ராத்திரியில் பிடித்தார்.

"தண்ணி அப்பவும் மேல இருந்துச்சு இல்லண்ணா? இருந்தும் போச்சே. தண்ணி மட்டும் இருந்தா எல்லாம் நின்னுடுமா? எனக்கு மாசம் முப்பத்தி எட்டாயிரம் தவணை."

எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. ஊரில் இருக்கிறவன், டவுனில் இருக்கிறவனைப் பார்த்து "நிலத்தை விக்காத" என்று சொல்வது சுலபம். அந்த நிலத்தில் விளைகிறதைச் சாப்பிடுவது நான், தவணை கட்டுவது அவன். புளிசோறு இறங்கவில்லை. ஒரு குரங்கு வந்து பாதியை வாங்கிக்கொண்டு போனது.

இறங்கும்போது யாரும் அதிகம் பேசவில்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கெடுதல். அடிவாரத்துக்கு வந்தபோது மணி பன்னெண்டரை. சின்னவள் விடவில்லை. "இது சுனை. நீ குளம்னு சொன்னே." அதனால் காரை எடுத்துக்கொண்டு வெங்கட்ரமணர் கோயில் பக்கம் போய், அங்கிருந்து சக்கரகுளம், செட்டிகுளம் ரெண்டுக்கும் நடந்தோம்.

மலையடிவாரத்தில், மதிலை ஒட்டி, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் குளம். கோட்டை பார்க்க வருகிற நூறு பேரில் தொண்ணூறு பேர் இந்தப் பக்கம் வருவதில்லை. ராஜகிரியின் பாறையில் விழுகிற மழையெல்லாம் வழிந்து வந்து சேருகிற இடம். செட்டிகுளத்துக் கரையில்தான், 1714-ல் ஆற்காட்டு நவாபை எதிர்த்துச் சண்டை போட்டுச் செத்த தேசிங்கு ராஜாவைத் தகனம் செய்தார்கள் என்பார்கள். அவர் மனைவியும் உடன்கட்டை ஏறினார், அவர் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பேர் என்றும் சொல்வார்கள். சின்னவளுக்கு அந்தக் கதையை அரைகுறையாகத்தான் சொன்னேன். குளத்தில் தண்ணீர் இருந்தது. மலை தலைகீழாக அதில் நின்றது. படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டாள். "இதுதான் குளம்" என்றாள்.

பையன் கணக்கை விடவில்லை. "பெரிப்பா, ஃபெஞ்சல் புயலப்ப நம்ம ஊர்ல எவ்ளோ மழை?"

2024 நவம்பர் 30 ராத்திரி. புதுச்சேரிப் பக்கம் கரையேறின புயல் நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. எங்கள் ஊரிலும் அதற்குக் கிட்டத்தட்டத்தான் இருக்கும். பால் கட்டும் பருவத்தில் இருந்த சம்பா நெல் முழுக்க மூழ்கிப்போச்சு. கிணற்றின் தென்புறச் சுவர் பத்தடி சரிந்து உள்ளே விழுந்தது. மோட்டார் கொட்டகை இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் அதே மழையால்தான் இந்த வருஷம் மே கடைசியிலும் கிணற்றில் ஆறு படி தெரியாமல் தண்ணீர் நிற்கிறது.

"அரை மீட்டர்னு வச்சுக்கோ."

ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். அரை மீட்டர் மழைக்கு இருபது லட்சம் லிட்டர். மூணு ஏக்கருக்கு அறுபது லட்சம். பையன் வகுத்துப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தான். "ஐநூறு லாரி! ஒரே நாள்ல நம்ம கழனி மேல ஐநூறு லாரி தண்ணி கொட்டியிருக்கு. அதெல்லாம் எங்க போச்சு?"

"ஓடை வழியா கடலுக்குப் போச்சுடா. கிணத்துக்குள்ள போனது மட்டும்தான் நமக்கு."

அதற்குப் பிறகு தம்பிதான் பேசினான். குளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான், எங்களைப் பார்க்கவில்லை.

"2019-ல ஜோலார்பேட்டைலேர்ந்து மெட்ராசுக்கு ரயில்ல தண்ணி கொண்டாந்தாங்க, ஞாபகம் இருக்காண்ணா? ஒரு ரயிலுக்கு இருபத்தஞ்சு லட்சம் லிட்டர். டிவில பூரா காட்னான். மாலையெல்லாம் போட்டு."

ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷம் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிகள் தரை தட்டிப்போய்விட்டன. லாரி பதிவு பண்ணி வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். தம்பி, பிள்ளைகளையும் மனைவியையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து பதினைந்து நாள் விட்டுவிட்டுப் போனான். சின்னவளுக்கு அப்போது மூணு வயசு. எங்கள் கிணற்றிலும் அந்த வருஷம் அடித்தண்ணீர்தான். ஆனால் குளிக்க, குடிக்க, துவைக்க இருந்தது. பயிருக்குத்தான் இல்லை. இதை நான் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். அவனே சொன்னான்.

"அப்ப அந்த பதினஞ்சு நாள் இவங்க குளிச்சது நம்ம கெணத்துத் தண்ணி."

கொஞ்ச நேரம் கழித்து, "விக்காம இருக்க முடியாதுண்ணா" என்றான்.

"வித்துக்கோடா. உன் பங்கு. நான் எப்ப வேணாம்னேன்?"

"கெணத்தை விட்டுட்டு கோடு போடச் சொன்னா?"

"அவர் ஒத்துக்குவாரா?"

"விலையைக் குறைப்பார்."

"கெணத்தைச் சுத்தி இருபது சென்ட். வாய்க்கா வர்ற வழியோட. அதை நான் வாங்கிக்கறேன். அவர் குடுக்கற விலைக்கே. ஒரே தடவையா முடியாது. மல்லாட்டை ஒரு போகம், நெல்லு ஒரு போகம், ரெண்டு தவணை."

"அவர் விலை உனக்குக் கட்டுப்படியாகாதுண்ணா. இருபது சென்ட்ல நெல்லு போட்டு எந்தக் காலத்துல எடுப்பே?"

"எடுக்க மாட்டேன்தான்."

அவன் சொன்னது நூத்துக்கு நூறு கணக்கு. எந்த விவசாயக் கணக்கிலும் மனை விலைக்குக் கழனி வாங்குவது அடங்காது. ஆனால் போருக்கும் கிணற்றுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. போர் தண்ணீரை எடுக்க மட்டும் தெரிந்தது. கிணறு எடுக்கவும் கொடுக்கும், மழை பெய்தால் வாங்கியும் வைத்துக்கொள்ளும். பக்கத்துக் கொல்லையில் போன வருஷம் நானூறு அடி போட்டு, புகைதான் வந்தது. இந்த மலையில் கோட்டை கட்டினவர்களுக்கு நம்மைவிட அதிக மழை பெய்துவிடவில்லை. பெய்ததற்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கோட்டை போகிற நாளில் போய்விட்டது. குளம் இன்னும் இருக்கிறது. மலை மேலே தம்பி கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அன்றைக்குத் தோன்றவில்லை, எழுதும்போதுதான் தோன்றுகிறது.

போகிற வழியில் என்னை ஊரில் இறக்கிவிட்டார்கள். காக்கி கவரை எடுத்துவந்து தம்பியிடம் கொடுத்தேன். கையெழுத்து இல்லாமல். அவன் அதை மடித்து வண்டியில் வைத்துக்கொண்டான். சின்னவள் ஓடிப்போய் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். இடிந்த பக்கம் போகக்கூடாதென்று பத்து நாளாகச் சொன்னதை அன்றைக்கும் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பையெல்லாம் அங்கே சென்னையில் காத்துக்கொண்டிருக்கிறது. அஞ்சு மணிக்குக் கிளம்பினார்கள். வீடு ஒரே அமைதியாகிவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

இதை ஆகஸ்டில் எழுதுகிறேன். இடையில் ஒரு செய்தி. ஜூலை 11-ந் தேதி செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராத்தியர் காலத்துக் கோட்டைகள் மொத்தம் பன்னெண்டு, அதில் பதினொண்ணு மகாராஷ்டிரத்தில், ஒண்ணே ஒண்ணு நம் செஞ்சி. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு எல்லார் வாயிலும் அதே பேச்சு. இனிமேல் கூட்டம் வரும். போகிறவர்கள் காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள், ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீராவது எடுத்துப் போங்கள், மார்கழி தையில் போனால் நல்லது. ராஜகிரி ஏறி முடித்ததும் களைப்பில் அப்படியே திரும்பிவிடாதீர்கள். சக்கரகுளமும் செட்டிகுளமும் பார்த்துவிட்டு வாருங்கள். கொண்டுபோன பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வந்துவிடுங்கள்.

அந்தச் செய்தியைத் தம்பியும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். அதற்குக் கீழே ஒரு வரி: "அண்ணா, சர்வேயர் எந்த நாள் வர்றார்னு கேட்டுச் சொல்லு, நானும் வர்றேன்."

சர்வேயர் போன வாரம் வந்து போனார். சங்கிலி பிடித்துக் கிணற்றைச் சுற்றி நாலு கல் நட்டாயிற்று. பத்தொன்பதரை சென்ட் வந்தது. ஆடிப்பட்டத்துக்கு மல்லாட்டை போட்டிருக்கிறேன், முளைப்பு பரவாயில்லை. முதல் தவணை அதிலிருந்து போக வேண்டும். ஐப்பசி மழைக்குள் தென்புறச் சுவரைக் கட்டி முடித்துவிட்டால் போதும்.